காங்கோ ஜீவாவின் மிருகம்

தண்ணீரைக் கண்டால் ஜீவானந்தம் கால்களைத் தூக்கிக்கொள்வார். பேருந்தில் போகும்போது மழைநீர் தேங்கிய பள்ளம் வந்தால் போதும், செருப்போடு இரண்டு பாதங்களையும் இருக்கையின்மேல் ஏற்றி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் மனைவி மஞ்சுளா தரையைக் கழுவிவிட்டால் கட்டிலில் ஏறிக்கொள்வார். அவர் மகள் ஷெர்லின், மொபெட்டில் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு போன வயதிலிருந்தே இதைக் கவனித்து வந்திருக்கிறாள். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏறியதும் அப்பாவின் முழங்கால்கள் அவள் விலாவுக்கு இரண்டு பக்கமும் உயர்ந்து வரும். ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலைத் தாண்டி வண்டி சாலைக்கு இறங்கினால்தான் அவையும் இறங்கும்.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் சுங்குவார்சத்திரத்து டீக்கடைகளில் அவரை ஓட்டி எடுத்திருப்பார்கள். ஜீவானந்தத்துக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. "அத்தக் கண்ணால பாத்த மன்சன்பா. பயம் இல்லாம எப்டி?" என்று அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். 'அது' என்றால் டைனோசர்.

காங்கோ நாட்டின் வடக்கே, சதுப்புக்காட்டு ஆறுகளில் ஒரு மிருகம் இருப்பதாக அந்தப் பக்கத்து மக்கள் நெடுங்காலமாகக் கதை சொல்லி வருகிறார்கள். மொக்கேலே-ம்பெம்பே என்று அதற்குப் பெயர். யானை அளவு உடம்பு, பாம்பு போல நீண்ட கழுத்து, முதலை வால். படுத்தால் ஆற்றையே மறித்துவிடும் என்பார்களாம். வெள்ளைக்காரர்கள் படகும் கேமராவும் எடுத்துக்கொண்டு பலமுறை தேடிப் போய், கொசுக்கடியோடு திரும்பியிருக்கிறார்கள். ஒரு பல் கிடைத்ததில்லை, ஒரு எலும்பு கிடைத்ததில்லை. அப்படிப்பட்ட மிருகத்தை ஒரகடம் பக்கத்து டீசல் மெக்கானிக் ஒருவர், போர்வெல் போடப் போன இடத்தில், பல் விளக்கிக்கொண்டே பார்த்துவிட்டார்.

இதைத் தவிர ஜீவானந்தத்தின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பில் தேறவில்லை. அந்த வயதில் அவர் தேறியது ஏரியில்தான். ஊர்ப் பையன்களில் நன்றாக நீந்துகிறவர் என்று பெயர். ஏரிக்குள் எவ்வளவு தூரம் நடக்கலாம், எங்கே நீந்த வேண்டும் என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடுவார். அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பச்சையாகக் கோரை நிற்கிற இடத்தில் தரை இருக்கும், இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இருக்காது, தைரியமாக இறங்கலாம். அந்தப் பக்கத்தில் ஏரி ஓரமாக வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஷெர்லினுக்கும் தெரியும்.

பிறகு கம்பெனிகள் வந்தன. நிலம் கம்பெனிக்குப் போனது. நிலத்துக்கு வந்தது அண்ணன்களிடம் போனது. ஜீவானந்தம் கூட்டுரோட்டில் ஒரு பட்டறையில் டீசல் இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்தார். சேலத்துப் பக்கம் ஒரு ரிக் முதலாளி ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் வண்டி அனுப்புகிறார், மெக்கானிக் வேண்டும் என்று யாரோ சொல்ல, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஷெர்லின் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அதே வண்டியில் உதவியாளாக வந்தவன் இசக்கிபாண்டி. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்காரன். உலகம்மாள் என்று மனைவி, தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. நீச்சல் தெரியாது. தேரியில் யாருக்கு நீச்சல் தெரியும்? கிணற்றிலேயே தண்ணீரைத் தேடிப் பார்க்கிற ஊர். போனவர்களில் ஜீவானந்தம் திரும்பி வந்தார். இசக்கிபாண்டி வரவில்லை. முதலாளியின் ஆட்கள் 'காணவில்லை' என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வண்டியை அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஜீவானந்தம் வெறுங்கையோடு வரவில்லை, கதையோடு வந்தார்.

"காலையில ஆத்தோரம் ட்ரம்முல தண்ணி மொண்டுகினு கீறோம். நான் பல்லு வெளக்கிகினு இருக்கேன். காலி ட்ரம்மு ஒண்ணு மெதந்து போய்ட்டு, அப்டிக்கா பச்சையா ஒரு எடம், அங்க நிக்கிது. இசக்கி எறங்கினான். ரெண்டு எட்டு வெச்சிருப்பான். தண்ணி அப்டியே எழும்புதுபா! கழுத்து! நம்ம கோயில் கொடிமரம் ஒசரம்! ஒரே முழுங்கு!"

இந்த இடத்தில் டீ கிளாசை பெஞ்சில் டொக்கென்று வைப்பார். கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

வருடா வருடம் அந்த மிருகம் வளர்ந்தது. முதலில் எருமை அளவு இருந்தது லாரி அளவு ஆனது. கண் சிவப்பானது. சத்தமே இல்லாமல் வந்தது, பிறகு ஊளையிட்டுக்கொண்டு வந்தது. ஊர் அவருக்குக் 'காங்கோ ஜீவா' என்று பெயர் வைத்தது. யூடியூப்காரர்கள் ஒரு தடவை வந்து, ஏரிக்கரையில் அவரை நிற்கவைத்து எடுத்தார்கள். வீடியோவில் அவருக்குப் பின்னால் ஏரியிலிருந்து ஒரு பச்சை டைனோசர் எழும்பியது. அதைப் பார்த்துவிட்டு ஜீவானந்தம், "கரெக்ட்டா இந்த மாதிரியேதான்" என்றார். ஒரு தலைமுடி விழுந்தால் லைனையே நிறுத்துகிற தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஆட்கள், ஷிப்ட் முடிந்து வந்து இதை வாயைப் பிளந்து கேட்டார்கள். ஷெர்லினுக்கு அப்பாவின்மேல் இருந்த இளக்காரம் அந்த ஆட்கள்மேலும் இருந்தது.

ஷெர்லின் விலங்கியல் படித்தாள். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். ஏன் விலங்கியல் என்று கேட்டவர்களிடம் மார்க் அவ்வளவுதான் இருந்தது என்றாள். உண்மை அது இல்லை. பாடப் புத்தகத்தில் எங்காவது ஒரு வரியில் தன் அப்பா பொய்யர் இல்லை என்று வந்துவிடாதா என்று அவள் சேர்ந்தாள். மூன்று வருடமும் வரவில்லை. பட்டம் வாங்கியபின் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. போன்களின் பின்பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் வேலை. முதலை இனங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவள் கீறல் இனங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ப்பா, ஒன் மிருகம் இன்னா துன்னும், தெரியுமா?"

"மன்சன."

"இல்லப்பா, எலை. ஆத்தங்கரையில ஒரு கொடி கீதாம், வெள்ளப் பூ வுடுமாம், அத்தத்தான் துன்னுமாம். படக கவுக்குமாம், ஆளக்கூட சாவடிக்குமாம், ஆனா துன்னாதாம். அந்த ஊர்க்காரங்க சொல்ற கதையே அதான்."

ஜீவானந்தம் மீன் முள்ளை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அது வேற. நான் பாத்தது வேற எனம்."

"ஒரு எனமே இல்லன்றேன். நீ ரெண்டு எனம்ன்ற."

"படிச்ச திமிரப் பாரு," என்றாள் மஞ்சுளா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "போன் தொடைக்கிற வேலைக்கு இவ்ளோ வாயி."

ஷெர்லினுக்குச் சுருக்கென்றது. அம்மா சொன்னதில் பிசகில்லை. வேறு எங்கும் பயன்படாத பட்டத்தை அப்பாவின் கதையை அறுத்துப் பார்க்கத்தான் பயன்படுத்துகிறோமோ என்று நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பையும் தாண்டி ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஊர் மக்களிடம் கேட்டிருந்தால்கூட மிருகம் இலை தின்னும் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் இந்த மனிதர் அதைக்கூடக் கேட்கவில்லை. பொய்யைக்கூட ஒழுங்காகப் படித்துச் சொல்லத் துப்பில்லை.

கடைசி வருடங்களில் ஜீவானந்தம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் கால் வைத்துக்கொள்ள ஒரு ஸ்டூல். காலை ஷிப்ட் முடிந்து மதியம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவரைச் சுற்றி நிற்பார்கள். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். வீட்டை விட்டு வந்த ஏக்கத்துக்கு ஒரு டைனோசர் கதை கேட்டால் என்ன குறைந்துபோகிறது?

அன்று ஷெர்லின் தன் ஷிப்ட் முடித்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்களுக்காக அதில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். இசக்கிபாண்டி கத்தியதை, கண்ணை உருட்டி, தெற்கத்தி இழுவையோடு நடித்துக் காட்டினார். "எய்ய்யா... எம்ம்மா... என்னயத் தூக்குதே!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவரில் சாய்ந்து நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. புதிதாக வந்தவள், பேர் சுகப்பிரியா.

"அண்ணாச்சி, அவுக பேரு என்ன?" என்றாள்.

"யாரு பேரும்மா?"

"அந்த மிருகம் முழுங்குச்சே, அந்த ஆளு பேரு."

"அவனா? இசக்கிபாண்டி. ஒங்க பக்கந்தான். தங்கமான பையன்."

"எங்கப்பா அண்ணாச்சி அது."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் படியேறிப் போனார்கள். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜீவானந்தம் இரண்டு கால்களையும் ஸ்டூலிலிருந்து எடுத்து நாற்காலியின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டார்.

சுகப்பிரியா அழவில்லை. அழுகிறவளாக இருந்தால் ஜீவானந்தம் சமாளித்திருப்பார், தோளைத் தட்டிக் கொடுத்து ஜெபம் பண்ணியிருப்பார். அவள் கணக்காகப் பேசினாள். ஒரகடம் பக்கத்து ஆள் என்று தெரிந்துதான் இந்தக் கம்பெனிக்கே மனு போட்டதாகச் சொன்னாள். எந்த ஹாஸ்டல் என்பதை வீடியோவுக்குக் கீழே யாரோ போட்டிருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம்.

"பள்ளிக்கூடத்துல என்னய டைனோசர் மவளேன்னுதான் கூப்பிடுவானுவ. அது கெடக்கட்டும். எங்கம்மைக்கு நீங்க அன்னைக்குப் போன்ல என்ன சொன்னிய, ஞாவகம் இருக்கா? மிருகம் தூக்கிட்டுப் போயிட்டுன்னு சொன்னிய. முழுங்கிட்டுன்னு சொல்லல."

ஜீவானந்தம் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"தூக்கிட்டுப் போனா எங்கனயாவது கரையில போட்டிருக்கும்லா, பாஷ தெரியாத ஊருல அலையுதாகன்னு எங்கம்ம சொல்லுதா. தாலியக் கழத்தல. கருமாதி பண்ண விடல. கோயில் கொடைக்குக் கொட சாமியாடிட்ட போயி எப்ப வருவாகன்னு கேக்கா. மாமம்மாரு சொல்லியும் கேக்கல, நான் சொல்லியும் கேக்கல. பாத்தவரு அண்ணாச்சி ஒருத்தருதான், அவரு செத்துட்டாருன்னு சொன்னா நம்புதேன்னு சொல்லுதா. நீங்க ஒரு போன் பண்ணுங்க. செத்துட்டாரு, நான் பாத்தேன், இப்டித்தான் செத்தாருன்னு உள்ளதச் சொல்லுங்க. மிருகத்த விட்ருங்க. அது போதும்."

"ஞாயித்துக்கெழம பண்றேம்மா," என்றார் ஜீவானந்தம்.

சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு நின்ற ஷெர்லினுக்கு உடம்பு கூசியது. டீக்கடைக்கு முழுங்கும் மிருகம், பெஞ்சாதிக்காரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் மிருகம். ஒரு பொம்பளையிடம் சாவைச் சொல்லத் தைரியமில்லாத ஆள், கேட்பாரில்லாத இடத்தில் கழுத்தையும் பல்லையும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஜீவானந்தத்துக்குத் தலைவலி. அடுத்த ஞாயிறு போனில் சார்ஜ் இல்லை. அதற்கடுத்த வாரம் சூப்பர்வைசர் கையில் காலில் விழுந்து, காலை டூட்டியை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். சுகப்பிரியா தன் ஷிப்ட்டையும் மாற்றி வாங்கினாள். கேட்டில் அவளைக் கண்டால், யாரும் கூப்பிடாமலே, "தோ வர்றேன்" என்று பின்பக்கம் மோட்டார் ரூமுக்கு ஓடினார். காங்கோவில் டைனோசரைப் பார்த்தும் ஓடாதவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பெண்ணைப் பார்த்து ஓடினார்.

"ஒரு போனு. இன்னாப்பா ஒனக்கு?" என்று வீட்டில் ஷெர்லின் கேட்டாள்.

"ஒனக்குத் தெரியாது. நீ ஆத்தப் பாத்ததில்ல."

"எத்த எத்தியோ பாத்தவன் நீ. ஒரு பொம்பள கொரல கேக்க முடியல."

"ஏய், மன்சன சோறு துன்ன வுடு," என்றாள் மஞ்சுளா. அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்து, ஹாஸ்டலுக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த குட்டை நிரம்பியது. மேலே ஒரு சாண்கூடத் தண்ணீர் தெரியவில்லை. ஆகாயத்தாமரை அடர்ந்து, மாடு மேயலாம் போலப் பச்சைப் பசேலென்று கிடந்தது. இருவரின் ஷிப்ட்டும் மறுபடி காலைக்கே திரும்பியிருந்தது. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் ஷெர்லின் அப்பாவுக்கு இட்லி கொண்டுபோனாள். பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். காற்றில் சுகப்பிரியாவின் குடை பிடுங்கிக்கொண்டு பறந்து, அந்தப் பச்சையின்மேல் போய் உட்கார்ந்தது. கைக்கு எட்டுகிற தூரம்போல இருந்தது. அவள் சரிவில் இறங்கி ஒரு காலை நீட்டினாள்.

நாற்காலியின்மேல் கால்களை வைத்து உட்கார்ந்திருந்த ஜீவானந்தம் அலறினார். அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்று ஷெர்லினுக்கே தெரியாது.

"கால வெக்காதடீ! அது மெதக்குது! கீழ தரையே கெடையாது! கோரைன்னு நெனச்சிதான் அன்னிக்கும் நானு அவன எறங்கச் சொன்—"

பக்கத்தில் நின்றவள் சுகப்பிரியாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டாள். குடை மெதுவாகச் சாய்ந்து, இலைகளுக்கு நடுவே இறங்கி, காணாமல் போனது. ஜீவானந்தம் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

சுகப்பிரியா சேற்றுக் காலோடு வந்து அவர் முன்னால் நின்றாள். "யார எறங்கச் சொன்னிய அண்ணாச்சி?"

"இல்லம்மா. பொதுவா சொன்னேன்."

"எங்கப்பாவயா?"

பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் போக வேண்டியிருந்தது. லைனில் ஆள் குறைந்தால் கேள்வி வரும்.

மிச்சத்தை ஷெர்லின் அங்கேயே இட்லிப் பாத்திரத்தோடு நின்று சேர்த்துப் பார்த்தாள். சேர்க்கப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெரிய ஆறுகளில் புல்லும் இலையும் திட்டுத் திட்டாகப் பின்னி மிதந்து போகும் என்று அவள் படித்திருக்கிறாள். ஏரிக்காரரான அப்பா அதைப் பார்த்தார். பச்சை நிற்கிறது, அப்படியென்றால் தரை இருக்கிறது, இடுப்பளவுதான். இறங்கி ட்ரம்மை எடு என்று நீச்சல் தெரியாத தேரிக்காரனைப் பார்த்துச் சொன்னார். அவன் நம்பி இறங்கினான். நீச்சல் தெரிந்தவர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார்.

அவளே அந்தக் கரையில் நின்றிருந்தாலும் இறங்கு என்றுதான் சொல்லியிருப்பாள். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தத் தவறை அவளால் வெறுக்க முடியவில்லை. பதறி நின்றதைக்கூட வெறுக்க முடியவில்லை. நாமாக இருந்தால் குதித்திருப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் அதன்பிறகு இத்தனை வருடமாக, ஒருவன் மூழ்கிய இடத்தில் ஒரு கழுத்தை நட்டு, கண்ணைப் பதித்து, ஊளையிடவைத்து, டீ வாங்கிக் குடித்திருக்கிறார். அவன் சாகும்போது போட்ட சத்தத்தை மிமிக்ரி செய்து காட்டியிருக்கிறார். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் சுகப்பிரியா கேட்டில் வந்து நின்றபோது ஷெர்லின் வேண்டுமென்றே அப்பாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் ரூமுக்கு ஓட வழியில்லை. சுகப்பிரியா பேசாமல் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

"ஆரு?" என்றது உலகம்மாளின் குரல். பின்னால் எங்கோ ஆடு கத்தியது.

"நான்... ஜீவானந்தம் பேசறேம்மா. காங்கோவுல இசக்கியோட இருந்தேனே."

"அண்ணாச்சியா! நல்லாருக்கியளா அண்ணாச்சி? அவுகளப் பத்தி எதும் தெரிஞ்சிதா? வாராகளா?"

ஷெர்லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு திறந்தது. ஒரு வார்த்தைதான். அது வந்துவிடும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த நொடியில் அவள் அவரை மன்னிக்கத் தயாராகக்கூட இருந்தாள்.

"கவலப்படாதீங்கம்மா," என்றார் ஜீவானந்தம். "தேடிகினுதான் கீறாங்க."

"அப்டியா அண்ணாச்சி! நான் சொன்னம்லா, ஒருத்தரும் நம்பலயே..." அந்தப் பக்கம் உலகம்மாள் அழவும் சிரிக்கவும் தொடங்கினாள்.

சுகப்பிரியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க மனுசரா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

"நான் இன்னா பண்றது? அந்த அம்மா கொரல கேட்டியா நீ?" என்றார் ஜீவானந்தம் மகளிடம். அவர் கண் கலங்கியிருந்தது. ஷெர்லினுக்கு அந்தக் கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை. அதில் எவ்வளவு இசக்கிபாண்டிக்கு, எவ்வளவு தனக்கே என்று பிரித்துப் பார்க்க விலங்கியலில் வழி இல்லை. "பொங்கலுக்குள்ள நானே மறுபடி பேசி, உள்ளதச் சொல்லிட்றேன். சத்தியமா," என்றார்.

பொங்கல் வந்தது. கூட்டுரோடு டீக்கடையில் அவர் கதை சொல்லிக்கொண்டிருப்பதை பஸ்ஸிலிருந்து ஷெர்லின் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை. கை கழுத்தளவுக்கு உயர்ந்து வளைவது மட்டும் தெரிந்தது. பெஞ்சில் கிளாஸை வைத்தார். எதிரில் இருந்தவர்கள் துள்ளினார்கள்.

சித்திரை வெயிலில், ஏரி வெடிப்பு விட்டுக் கிடந்த நாளில், கேட்டுப் பக்கத்து நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கால்கள் தரையில் இருந்தன என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பையன்கள் சொன்னார்கள். அடக்கத்துக்குக் கூட்டம் குறைவில்லை. 'காங்கோ புகழ் ஜீவானந்தம்' என்று யாரோ பேனர் அடித்து, அவர் தலைக்குப் பின்னால் அந்தப் பச்சை டைனோசரையும் போட்டிருந்தார்கள். மஞ்சுளா அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள். ஷெர்லின் பேனரை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

நினைவு ஜெபம் முடிந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தபின் சுகப்பிரியா வந்தாள். பூ எதுவும் கொண்டுவரவில்லை. மாலை போட்ட போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போறதுக்கு முன்ன எதும் சொன்னாராக்கா?"

"இல்ல."

ஷெர்லின் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். கோரை, மிதக்கும் பச்சை, இறங்கச் சொன்னது, கரையில் நின்றது. எதையும் மறைக்கவில்லை, எதற்கும் சப்பைக்கட்டு கட்டவில்லை. சுகப்பிரியா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "நானும் அப்டித்தான் நெனச்சேன்," என்றாள். பிறகு, "எங்கம்மைட்ட நீங்க சொல்லுவியளா?"

நம்பர் போட்டுக் கொடுத்தாள். ஷெர்லின் நிறுத்தி நிறுத்தி, புரியும்படியாகச் சொன்னாள். ஜீவானந்தத்தின் மகள் பேசுகிறேன், மிருகம் என்று எதுவும் இல்லை, உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கே தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டார் என்று சொன்னாள். உலகம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ அங்கன இருந்தியாம்மா?"

"இல்லம்மா. நான் அப்போ சின்னக் கொழந்த."

"பொறவு எப்டி சொல்லுத?"

படித்த மூன்று வருடமும் ஷெர்லினுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கேள்வியைத்தான். கண்டவன் யார், நீ எப்படிச் சொல்கிறாய்?

"நீ சின்னப்பிள்ள, ஒன்னயச் சொல்லி என்ன," என்றாள் உலகம்மாள், கோபமே இல்லாமல். "ஒங்கப்பாருட்ட குடும்மா. பாத்தவரு அவருல்லா. தேடிட்டிருக்காகன்னு அவருதான சொன்னாரு. இல்லன்னா இல்லன்னு அவரே சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன்."

அவர் இறந்ததை சுகப்பிரியா தன் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை என்பது ஷெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. போனைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். சுகப்பிரியா சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். பிறகு கை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணாச்சி டூட்டிக்குப் போயிருக்காரும்மா," என்றாள். "வந்ததும் பேசச் சொல்லுதேன்."